எடுக்காத எண்

செல்லைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.
அதற்குள்தான் இருந்தாள் பரிமளா,
'வீடு' என்ற பெயரில்.

ஆற்காடு ஸ்டேஷன். ராத்திரி பதினொன்றரை.
என் லோடு ஆட்டோ வெளியே புங்கமரத்தடியில்,
பாலாற்று மணலோடு.
நாற்பது மூட்டை, சிமெண்டுப் பையில்.
யாருடையது என்றார்கள்.
வாடகைக்குத்தான் சார் ஓட்டினேன்.
"வாடகைக்கு ஓட்டுனா மணலு உம்மேல ஒட்டாதா?"
ஒட்டித்தான் இருந்தது, முழங்கை வரைக்கும்.

சுவரில் ஒரு போர்டு.
கைது செய்யப்பட்டவரின் உரிமைகள், நீல எழுத்தில்.
ஒன்று, இரண்டு, மூன்று படிக்கலாம்.
நான்கிலிருந்து
நகைக்கடை காலண்டர் தொங்குகிறது.
ஃபேன் காற்றில் அது தூக்கும்போதெல்லாம்
'உறவினருக்கோ நண்பருக்கோ' என்று
ஒரு துண்டு தெரிந்து மறையும்.

நான் அந்தத் துண்டுக்காகக் காத்திருந்ததை
ரைட்டர் சுகந்தி பார்த்திருக்க வேண்டும்.
மேசை போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"ஜாமீனுக்கு ஆள் வேணும்ல, ஒருத்தர்கிட்ட பேசு.
சீக்கிரம். ஐயா டீக்குப் போயிருக்காரு."

ஒரு டீ குடிக்கிற நேரம்
எனக்கு உரிமை இருந்தது.

விரலை வைத்தேன். விரல் அங்கேயே நின்றது.
பரிமளாவின் எண் தொண்ணூற்று நான்கில் தொடங்கும்.
இல்லை, தொண்ணூற்று ஏழில்.
பதிமூன்று வருஷமாகப் பக்கத்தில் படுப்பவள்;
அவளிடம் போக எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு பச்சைப் பொத்தான்.
அண்ணன் எண்ணைச் சண்டை போட்ட அன்றே அழித்தாயிற்று.
மணல்காரன்
ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எண் இருந்தது.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
காலை ஏழு மணிக்கு, மதியச் சோற்றின் நடுவில்,
தேதி அஞ்சைத் தாண்டினால் ராத்திரியிலும் வருவது.
தப்பித் தவறி எடுத்துவிடக் கூடாதே என்று
இலக்கம் இலக்கமாய் நெட்டுருப் போட்டது.
ராணிப்பேட்டை முத்துக்கடை,
ஃபைனான்ஸ் மோகனரங்கம்.

மூன்றாவது மணியில் எடுத்தான்.
பேரைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.
"தணிகாசலமா? நீயா?
எனக்கா போன் பண்ற?"

"வண்டியப் புடிச்சிட்டாங்க சார்.
நான் உள்ள போய்ட்டா
மீதி பதினாலு தவணைய யாரு கட்டுவா?"

கெஞ்சினேனா மிரட்டினேனா,
இன்றைக்கும் தெரியவில்லை.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கணக்குப் போட்டால் சத்தம் வராது;
எனக்குக் கேட்டது.
"எந்த ஸ்டேஷன்ல கீற?" என்றான்.

நாலாம் நாள் கோர்ட்டுக்கு வந்தான்,
வீட்டு வரி ரசீதும் மச்சினனும் ஆதார் நகலுமாக.
இரண்டு நபர் ஜாமீன்.
"எதிரி உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.
கோர்ட்டில் என்னை எதிரி என்றுதான் சொல்வார்கள்.
மோகனரங்கம் தொண்டையைச் செருமினான்.
"வேண்டியவருங்க."

பரிமளா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.
அவளுக்குத் தகவல் சொன்னதும் அவன்தான்.
அவள் எண் அவனிடம் இருந்திருக்கிறது,
லோன் பாரத்தில்,
எனக்காக அவள் போட்ட
ஜாமீன் கையெழுத்துக்குக் கீழே.

பஸ்ஸில் கேட்டாள்: "அவனுக்கா பண்ண?"
பதில் சொல்ல என்ன இருக்கிறது.
வெளியே பார்த்தேன். பாலாற்றில் தண்ணீர் இல்லை,
லாரி டயர்த் தடம்தான் வளைந்து வளைந்து போகிறது.
பாதிப் பாலத்தில்,
முகத்தைத் திருப்பாமலே,
"தொண்ணூத்தி எட்டு" என்றாள்.
"இன்னா?"
"சொல்லு. தொண்ணூத்தி எட்டு."

சொன்னேன்.
அவள் சொல்லச் சொல்லப் பின்னாலேயே சொன்னேன்.
ஆறாவது இலக்கத்தில் தடுக்கியது.
டிக்கெட் டிக்கெட் என்று கண்டக்டர் நடுவில் வந்தார்.
பாலம் முடிந்துவிட்டது.

"மொதல்லேர்ந்து" என்றாள்.