மஸ்லின்

வங்காளத்துத் துணி. லண்டனுக்குப் போய்
இடுப்பைத் தொலைத்துவிட்டுத் திருகோணமலைக்கு வந்தது.
மார்புக்குக் கீழே ஒரு நாடா, அங்கிருந்து
கணுக்கால்வரை சும்மா விழுகிறது.
கஞ்சி வேண்டாம் என்றாள் துரைசானி.
எனக்கு ஒரு சுண்டு அரிசி மிச்சம்.

தலையைப் பார்த்துத்தான் கூடை நழுவியது.
பின்கழுத்துத் தெரியக் கத்தரித்து
நெற்றியில் மட்டும் நாலு சுருள்.
"ஆர் அம்மா செத்தது?"
துபாசி சவிரிமுத்து அதைச் சொல்லாமல் இருமினான்.

அந்தியில் பல்லக்கு காளிகோயிலடியில் திரும்ப,
வெள்ளை உடுப்பு, வெறுங்கழுத்து, குறுமயிர்.
எதிரே வந்த உப்புக்காரி
சுமையோடு வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

கரைப் பங்களாவில் பிடில்.
ஆளில்லாத நேரம் பார்த்துக் கடலில் முழுக வந்த
குருக்கள் வீட்டு வாலாம்பிகை
(பத்தொன்பது வயது, தாலி இறங்கி ஆறு மாதம்)
ஈரத்தோடு நின்றுவிட்டாள்.
சன்னலுக்குள் ஒரு லெப்டினன்ட் கைபிடிக்க
துரைசானி சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அவட புருஷன்?"
"அந்தா, சீட்டு விளையாடுறார்."

வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு முக்காட்டுக்குள் கைவிட்டு,
மழித்த இடத்தில் முளைத்திருந்ததை
நெற்றிப்பக்கம் இழுத்துப் பார்த்தாள்.
சுருளவில்லை.

"இன்னும் கொஞ்சம் வளரோணும்," என்றேன்.