வெட்டு நிற்கும் மாதம்

பதினைந்து பேராவது வேண்டுமாம்.
இல்லையென்றால் பிலாவிளை அங்கன்வாடியைக்
களியல் மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம்.
சொல்லும்போது மேற்பார்வையாளர்
கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓட்டில் விரிசல்,
அதன் வழியே தரையில் ஒரு காசளவு வெயில்.
குறிப்பேட்டில் எழுதினார்:
ஓடு உடைந்துள்ளது. எண்ணிக்கை எட்டு.

அந்தக் காசை நாங்கள்
தினமும் சாக்கட்டியால் வட்டமிடுகிறோம்,
பாட்டு முடிந்ததும் ஒன்று,
சத்துமாவு உருண்டைக்குப் பிறகு ஒன்று.
"வெயில் நடக்குது டீச்சர்" என்றாள் அபிஷா,
மூன்றரை வயது.
இதை எந்தக் கட்டத்தில் ஏற்ற?
கைப்பேசி கேட்பதெல்லாம்
எடை, உயரம், முட்டை.

ஜூனில் வீடுவீடாக ஏறினேன்.
ரப்பர் பாலின் வாடை போகாத கையோடு
ஷாலட் கதவைப் பாதி திறந்தாள்.
"ஒண்ணும் நினைக்காதீங்க அக்கா.
அங்க வேன் உண்டு, டை உண்டு, ஏபிசிடி உண்டு.
ஒங்க கிட்ட என்ன உண்டு?"
"வாரம் மூணு முட்டை உண்டு" என்றேன்.
படி இறங்கும்போதுதான் தோன்றியது,
வெயிலைச் சொல்லியிருக்கலாம்.

தை கடைசியில்
மலைச்சரிவு முழுக்க இலை சிவந்து கொட்டியது.
வெட்டு நின்றது.
மரத்துக்கு மரம் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.
மாசி பிறந்து ஒரு திங்கட்கிழமை
மஞ்சள் வேன்
எங்கள் வளைவில் ஹாரன் அடிக்காமல் போனது.

மறுநாள் ஷாலட் வந்தாள்.
பின்னால் டெனிஷ், டையும் ஷூவுமாக.
"வெட்டு தொடங்குற வரைக்கும்தான் அக்கா."
அதுவரைக்கும் என்று எழுதப்
பதிவேட்டில் இடம் கிடையாது.
ஒன்பது என்று எழுதினேன்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பி
இல்லாத எதையோ தேடினேன்.

எடை பார்க்க ஷூவைக் கழற்ற மாட்டேன் என்றான்.
அதோடே நிறுத்தினேன்: பதினாலு கிலோ இருநூறு.
"ஷூவுக்கு முந்நூறு கழிச்சுக்கிடுங்க" என்றாள்
உதவியாளர் லீலாபாய்,
காய்கறிக்காரியைப் போல.

அவன் யாரையும் பார்க்கவில்லை.
தரையில் குந்தி
ஏ முதல் இசட் வரை எழுதி முடித்து
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்,
யாரோ வந்து சரி போடுவார்கள் என்று.

அபிஷாதான் வந்தாள், சாக்கட்டியோடு.
"கொஞ்சம் தள்ளு.
நீ வெயிலுக்க மேல இருக்கே."

தள்ளினான்.
க்யூவுக்கும் ஆருக்கும் நடுவில்
காசு கிடந்தது.
எடுக்கக் கை வைத்தான்,
அது அவன் புறங்கையில் ஏறிக்கொண்டது.