பழைய நோய்

பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு மேலே,
கால்நடை மருத்துவமனையில்
முன்மேசை என்னுடையது.
பதினான்கு வருஷமாகத்
தொகையை வாய்விட்டுச் சொல்லும் வேலை.

"எண்ணூற்று நாற்பது பவுண்டு" என்பேன்,
வானிலை சொல்வதுபோல.
கார்டைச் செருகியபின்
மெஷின் யோசிக்கும் அந்த நாலு நொடி
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
எல்லோரும் சுவரில் இருக்கும்
குடற்புழு மாத்திரை விளம்பரத்தைப் படிப்பார்கள்.

டூகல்ட், நண்டுப் படகுக்காரன்.
அவன் நாய் தூண்டில் முள்ளை விழுங்கியது,
புழுவோடு, ஒரு முழ நரம்போடு.
இன்சூரன்ஸ் இருந்தது.
பில்லைப் பார்க்காமலே கையெழுத்திட்டான்
ராஜா மாதிரி.
ஆறு வாரம் கழித்துக் கடிதம்:
குட்டியாக இருந்தபோது ஒருமுறை வாந்தி எடுத்ததாம்,
(கணினியில் ஏற்றியது நான்தான்)
ஆகவே வயிறு சம்பந்தப்பட்ட எதுவும்
பழைய நோய்.
முள் பழைய நோய்.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மாதம் நூறாகக் கட்டுகிறான்.
வரும்போதெல்லாம் மேசையில்
காகிதத்தில் சுற்றிய நண்டுக் கால்களை
வைத்துவிட்டுப் போகிறான்,
எதற்கென்று தெரியவில்லை.

திருமதி ரென்னியிடம் இன்சூரன்ஸ் இல்லை.
பூனைக்குச் சிறுநீர் அடைப்பு.
தொகையைச் சொன்னேன்.
கையுறையைக் கழற்றினாள். மாட்டினாள்.
பிறகு கேட்டாள்:
"மற்ற ஊசி எவ்வளவு?"

அதற்கும் ஒரு விலை இருக்கிறது.
அதையும் சொன்னேன்.

இப்போது என் மேசையில் எனக்கு வந்த கடிதம்.
கிப்பருக்கு ஒன்பது வயது முடிகிறது,
ஆகவே மாதம் முப்பத்தெட்டு
அறுபத்தொன்று ஆகிறது.
முதல் இருநூற்றைம்பது என் தலையில்,
அதற்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கு என் தலையில்,
பல்லும் இடது காதும் நீங்கலாக.
நாய்க்குத்தானா இன்சூரன்ஸ்,
நாயில் மிஞ்சியதற்கா?

உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கட்டியது இரண்டாயிரத்து எழுநூறு.
வந்தது, ஒரு குளவிக் கொட்டுக்கு, நாற்பத்திரண்டு.
அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டிருந்தால்
என்கிறாள் தங்கை ஐலா.
போட்டிருந்தால் போன குளிர்காலம்
ஹீட்டர் தின்றிருக்கும்.
எனக்குத் தெரியாதா என் டப்பாவை.

படிவத்தில் நாலாம் கேள்வி:
பிராணியை வாங்கிய விலை.
மீன் பெட்டியில், உருகும் ஐஸுக்கு நடுவே
யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன குட்டி.
பூஜ்யம் என்று அடித்தேன்.
பூஜ்யம் செல்லாது என்றது திரை.
ஒன்று என்றேன். ஒப்புக்கொண்டது.
இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்
என்பதெல்லாம் யானைக்கு.
இவன் இறந்தால் ஒரு பவுண்டு வரும்.
இருந்தால் மாதம் அறுபத்தொன்று போகும்.

ஒன்றும் ஆகாமலே போனால் நஷ்டம்தான்.
அந்த நஷ்டம் எனக்கு வேண்டும்.
கொடுத்த காசு வீணாகப் போகட்டும் என்று
வேண்டிக்கொண்டே கொடுப்பது
வேறெந்தக் கடையில் நடக்கும்?

அப்படியும், ரத்துசெய்யத்தான் அழைத்தேன்.
வரிசையில் பதினோராவது ஆள் என்றது குரல்.
பியானோ வாசித்தார்கள்.
நான் ஏழாவது ஆளானபோது
கிப்பர் எழுந்து கதவருகே போய் நின்று
தொங்கும் வாரை மூக்கால் தட்டினான்.
போனை வைத்தேன்.
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கடலிலிருந்து பக்கவாட்டில் அடிக்கிறது மழை.
இடது பின்னங்காலைக்
கொஞ்சம் தூக்கித் தூக்கி வைக்கிறானோ?
இல்லை, கல் வழுக்குகிறது.
இல்லை.
பார்த்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்,
சொன்னால் நானே பதிய வேண்டும்,
பதிந்தால் அது பழைய நோய்.

மழையைப் பார்த்து நடக்கிறேன்.