நான்காம் மேசைப் பெண்

வின்னிபெக்கில் மெத்தைக் கிடங்காய் இருந்த கட்டடத்துக்குள்
ஓர் அலுவலகம் கட்டினார்கள், தொலைக்காட்சிக்காக.
குழாய் விற்கும் கம்பெனி. குழாய் கிடையாது.
தொலைபேசிக்கு வயர் உண்டு,
வயருக்குப் போக இடமில்லை.
ஜன்னலுக்கு வெளியே, வரைந்த துணியில், எப்போதும் ஜூன் மாதம்.
நாங்கள் பனியை உதறிவிட்டு உள்ளே வருவோம்.

ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.
பட்டியலில் என் பெயர்: நான்காம் மேசைப் பெண்.
வேலை: தட்டச்சு செய்வதுபோல் இருப்பது.
சத்தம் கேட்கக் கூடாதென்று
விசைகளுக்கு அடியில் பஞ்சு வைத்திருந்தார்கள்.
அதற்கு முன் நான் நிஜமாகவே கணக்காளர்,
கை சும்மா இருக்காது.
இருண்ட திரையில் ஏழு வருஷத்து வரிக்கணக்கையும் அடித்தேன்.

மூன்றாம் வருஷம், கேக் வெட்டும் காட்சி.
மேலாளராக நடித்த பெவரில்
ஒவ்வொரு பெயராய்ச் சொல்லித் தட்டை நீட்டிக்கொண்டே வந்து
என் முன்னால் நின்றார்.
“இது நம்ம... நம்ம...”
வசனத்தில் அது இல்லை.
நான் காத்திருந்தேன்.
கேமரா என் முகத்தருகே வந்தது,
முதல் தடவையாக.
ஒரு சொட்டு கிரீம் என் ஷூவில் விழுந்தது.
“...நம்ம ஆள்!” என்றார்.

நாடே சிரித்தது.
சங்கடத்தை இத்தனை நுட்பமாய் யாரும் நடித்ததில்லை
என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
விருது மேடையில் பெவரில் எல்லோருக்கும் நன்றி சொன்னார்,
துண்டுச்சீட்டைப் பார்த்து.

இப்போது கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது
யாராவது உற்றுப் பார்க்கிறார்கள்.
“நாம ஒண்ணா வேலை பார்த்திருக்கோமா?
அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல?”
ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் சுலபம்.
போன வாரம் ஒருத்தர்
அங்கே கூட இருந்து செத்துப்போன டக்ளஸைப் பற்றிச் சொல்லிக்
கண் கலங்கினார்.
எனக்கும் கலங்கியது.
டக்ளஸ் நல்ல மனுஷன் போலிருக்கிறது.

கடைசி நாள் செட்டைப் பிரித்தார்கள்.
ஜூன் மாதத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள்.
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
பெவரில் மேசைப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டார்.
அதில் இருந்தது அவர் பெயரில்லை.
அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்,
பிறகு என்னைப் பார்த்து, “குட் நைட்... ம்...” என்றார்.

நான் விசைப்பலகையை எடுத்து வந்தேன்.
சமையல் மேசையில் வைத்து,
பல்குத்தும் குச்சியால் பஞ்சை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி,
ஒரிஸ்யா ஹ்னாத்யுக் என்று அடித்தேன்.
அப்பா, என்ன சத்தம்!
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
இன்னொரு தடவை அடித்தேன்.