நான்கு நிமிடம்

நிரலுக்குள் குறிப்பு எழுதுவது சோம்பேறித்தனம் என்று
பெர்கன் அலுவலகத்தில் நான் சொல்லாத நாளில்லை.
பெயரைச் சரியாக வை, வரி தானே பேசும்.
குறுக்கு. கூட்டிப் பெருக்கு.
காபி இயந்திரத்துக்கு மேலே
இதையே அச்சடித்து ஒட்டியிருந்தோம்.

படகு அட்டவணையில் ஒரு வரி கிடந்தது:
ஏழாவது தீவு, வியாழன், நான்கு நிமிடம் தாமதி.
ஏன்?
எழுதிய தூர்பியர்ன் வேலையை விட்டு ஆறு வருடம்.
அழித்தேன்.
சோதனைகள் அத்தனையும் பச்சை.
சிக்னே கைதட்டினாள்.

அடுத்த வியாழன்
படகு நொடி பிசகாமல் கிளம்பியது.
துறையில் மழையோடு நின்றாளாம் ஒருத்தி.
ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு அவள் வரும் பேருந்து
என்றைக்கும் மூன்று நிமிடம் பிந்தும்.

படகின் தலைவர் தொலைபேசியில் திட்டவில்லை.
"என் நான்கு நிமிடம் எங்கே?" என்றார்,
பூனையைக் காணோம் என்பதுபோல.

வரியைத் திரும்ப வைத்தேன்.
அதன் தலைமேல் எழுதினேன்:
பேருந்து பிந்தும். வோல்போர்க்கால் ஓட முடியாது.
நாலாவது நிமிடம் அவள் படி ஏற.

குறிப்பு நீளம், சுருக்கு என்று
மதிப்பாய்வில் சொல்லியிருக்கிறாள் சிக்னே.
என் சொற்களே.
இன்னும் பதில் போடவில்லை.