பெருக்குகிறவள்

குத்தைசி நகரம், ரியோனி ஆற்றங்கரை, ஒரு நடனப் பள்ளி.
பழைய கூடம்
பன்னிரண்டு கல் நீளம், பன்னிரண்டு கல் அகலம்.
ஒன்பது வருடமாக லாமாரா பெருக்குகிறாள்
மாதம் இருநூறு லாரிக்கு.

(லாரி அந்த நாட்டுப் பணம்.
இருநூறு வண்டி வைத்திருப்பவள்
ஏன் விளக்குமாறு பிடிக்கப்போகிறாள்.)

நான் எழுதும் மொழியில்
குப்பையைத் தள்ளினாலும் பெருக்குவது,
எண்ணை எண்ணால் வளர்த்தாலும் பெருக்குவது.
கூட்டுவது என்று மாற்றிச் சொன்னாலும்
அதே இரண்டு வேலை, அதே விளக்குமாறு.
அவள் மொழியில் இந்த வசதி இல்லை.
அங்கே கணக்கு வேறு, தூசி வேறு.

வசந்தத்தில் புதிய கூடம் திறந்தார்கள்.
இருபத்து நான்கு கல்லுக்கு இருபத்து நான்கு.
மேலாளர் ஜெமால் தாராளமாகச் சொன்னார்:
'நீளம் இரட்டிப்பு, அகலம் இரட்டிப்பு,
சம்பளமும் இரட்டிப்பு!'
கை குலுக்கினார்கள்.
அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பழைய கூடத்துக்கு நாற்பது நிமிடம்.
புதியதில் ஒன்பது மணிக்குத் தொடங்கியவள்
நிமிர்ந்தபோது
பதினொன்று நாற்பது.
கடைசி மினிபஸ் போயிருந்தது.
நடந்தாள்.

பாலத்தின் நடுவில் பிடிபட்டது.
நீளம் மட்டும் வளர்ந்திருந்தால் இரண்டு.
அகலம் சும்மா நிற்கவில்லையே.
வரிசையில் புதிதாக வந்த ஒவ்வொரு கல்லும்
தனியாக வரவில்லை,
விருந்துக்கு ஒருவரை அழைத்தால்
குடும்பமே வந்து உட்கார்வதுபோல
பின்னால் இருபத்து நான்கு பேர்.
தன்னைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்ட ஒன்று
எவ்வளவு வளரும் என்பது
அவள் இடுப்புக்கு
அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மறுநாள் ஜெமாலின் மேசைமேல்
நான்காக மடித்த துடைப்புத் துணியை வைத்தாள்.
'இது பழைய கூடம்.'
ஒரு மடிப்பைப் பிரித்தாள். 'நீளம்.'
இன்னொன்றைப் பிரித்தாள்.
காப்பிக் கோப்பையும் ரசீதுகளும்
துணிக்கடியில் மறைந்தன.

எங்கள் பள்ளியில் இதற்கு வர்க்கம் என்று பெயர்.
அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும்
அன்று அந்த மேசைக்கு இரு பக்கமும்
உட்கார்ந்தும் நின்றும் இருந்தது.

ஜெமால் துணியை வெகுநேரம் பார்த்தார்.
நான்கு மூலையையும் விரலால் தொட்டார்.
'இரண்டு என்றேன் நான், நான்கு என்கிறாய் நீ.
மூன்று.'

லாமாரா வாதாடவில்லை.
அன்றிரவு மூன்று பங்கு பெருக்கினாள்.
சன்னலோர மூலையில்
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு,
நூற்று நாற்பத்து நான்கு கல்
அப்படியே இருந்தன.
எல்லை கோணவில்லை.
தச்சன் நூல் பிடித்ததுபோல்
தூசி ஓரிடத்தில் தொடங்கியது.

ஒரு வாரம்.
செருப்புத் தடம், ஊசி, தலைமுடி,
யாரோ கடித்துப் போட்ட ஆப்பிள் தோல்.

எட்டாம் நாள் ஒத்திகை.
அந்த ஊர்ப் பெண்கள் ஆடும்போது பாதம் தெரியாது,
தரையைத் தொடும் வெள்ளைப் பாவாடைக்குள்
யாரோ இழுத்துச் செல்வதுபோல நழுவுவார்கள்.
பதினாறு பேர் வரிசையாக நழுவி
சன்னலோரம் திரும்பி
வெளியே வந்தபோது
மூலை சுத்தமாக இருந்தது.

சலவைக் கடை ரசீது
ஜெமாலின் மேசைக்கு வந்துவிட்டது.
அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணூறு என்று ஒரு காகிதத்தில் எழுதி
அடித்து
மறுபடி எழுதியிருப்பதாக
வாத்தியம் வாசிக்கிறவன் சொல்கிறான்.

கடனைக் கடனால் பெருக்கினால்
வரவாக மாறும் என்கிறது கணிதம்.
லாமாராவின் மளிகைக் கடைப் புத்தகத்தில்
அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை.

இப்போது நள்ளிரவு.
பாலம் தாண்டி, மூன்றாம் மாடி.
ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஆள்.
வந்தவுடன் அதையும் பெருக்குகிறாள்,
கை பழக்கம்.
ஒன்றை ஒன்றால் பெருக்கினால்
ஒன்று.