சாம்பல் வட்டம்

பாலத்தின் அடிவயிற்றில்
பன்னிரண்டு உணரிகளை ஒட்டினோம்.
துருவைச் சுரண்டி, சாராயத்தால் துடைத்து,
நகக்கண் அளவுத் தகடுகளுக்குப் பசையிட்டு
ஒவ்வொன்றையும் கட்டைவிரலால்
ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி
அக்டோபர் குளிரில் இங்கூனாவும் நானும்
பேசிக்கொள்ளவில்லை.
கீழே ஆபவா ஆறு, தன்பாட்டுக்கு.

பாலத்தை மூடி ஏழு மாதம்.
சபிலெ பால் வண்டிகள் இப்போது
முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போகின்றன.
"தாங்குமா தாங்காதா,
ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்றார் நகராட்சிக்காரர்.
ஒரே சொல் எங்களிடம் இல்லை.
எங்களிடம் இருப்பது மில்லிவோல்ட்.

வேனுக்குள் லேப்டாப்.
பன்னிரண்டு கோடுகள், பன்னிரண்டு நிறங்கள்,
வலப்பக்கம் பிறந்து இடப்பக்கம் சாகும்.
நொடிக்கு ஐந்நூறு முறை
இரும்பைக் கேட்கிறது பெட்டி: எப்படி இருக்கிறாய்?
ஐந்நூறு முறையும் இரும்பு
ஏறக்குறைய அதே பதிலைச் சொல்கிறது.
அந்த ஏறக்குறையவுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினோராம் சானல் மட்டும் நடுங்கியது.
கேபிளை அசைத்தேன், தரையிணைப்பை மாற்றினேன்.
மேலே போகும் மின்கம்பியின் ஐம்பது ஹெர்ட்ஸ்
உள்ளே நுழைந்து முணுமுணுக்கிறது.
விட்டுவிட்டேன்.
எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு.

டாலிவால்டிஸ் வந்தார்,
இருபத்தாறு டன் சரளையோடு.
கதவைத் திறந்தே வைத்து ஓட்டினார்,
ஏதாவது ஆனால் குதிக்க.
முன்சக்கரம் ஏறியதும் முதல் கோடு குனிந்தது,
பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது,
வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகச்
சுமையை வாங்கிக் கைமாற்றுவதுபோல.
ஏழாவது கோட்டில் எனக்கு மூச்சு நின்றது.
அப்புறம் எல்லாம் நிமிர்ந்தன.
இங்கூனா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.
மறுகரையில் ஹாரன், நீளமாக.

அப்போதுதான் பார்த்தேன்.
திரை மூலையில் வட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது.
சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.
வரைந்திருக்கிறது. எழுதவில்லை.
இருபத்தாறு டன்னும் இடது விளிம்பில்
சத்தமில்லாமல் விழுந்து போயிருந்தது.

நல்ல மென்பொருள்தான்.
காட்டு என்றோம், காட்டியது.
வை என்று நாங்கள் சொல்லவே இல்லை.

போய்ச் சொல்ல வேண்டியது நான்.
பாலத்தின்மேல் நடந்தேன்,
என் எடையும் ஏதோ ஒரு கோட்டில்
மயிரிழைக் குழியாக விழுந்துகொண்டிருக்கும்
என்ற நினைப்போடு.

"நான் வந்ததைப் பார்த்தீர்களா இல்லையா?"
"பார்த்தோம்."
"பிறகென்ன?"
பதில் தெரியாமல்
அவர் நீட்டிய பிளாஸ்கிலிருந்து குடித்தேன்.
சீரகம் மணக்கும் டீ.
வண்டியைத் திருப்பினார்.
இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவப்பு எரிந்தது. குழிகள் வந்தன.
ஏழாவது, முதல் முறையைவிட ஆழம் குறைவு.
வேகமாக ஓட்டியிருக்கலாம்.
வெயிலில் இரும்பு நீண்டிருக்கலாம்.
அல்லது முதல் தடவை
நான் பார்த்தது கோட்டை மட்டும் அல்ல.
அறிக்கையில் இரண்டாவது மட்டும் இருக்கும்.

இரவெல்லாம் பதிவை ஓடவிட்டு
வேனிலேயே தூங்கினோம்.
காலையில் கோப்பைத் திறந்தால்
மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில்
கோடுகளுக்குள் ஒரு நடை.
நாலு காலடி, நிறுத்தம், நாலு காலடி.
ஏழாவது உணரிக்கு நேர்மேலே
நெடுநேரம் நின்றிருக்கிறது,
ஆறு ஆள் எடை.
"எல்க் மான்" என்றாள் இங்கூனா, கொட்டாவியோடு.
பலகையின் உறைபனியில் குளம்படிகள்
பாதி கரைந்திருந்தன.

வடிகட்டியைப் போட்டால் மறைந்துவிடும்.
யாரும் கேட்காத தரவு.
அம்புக்குறி 'நீக்கு' என்பதன் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றது, அந்த மானைப்போல.

குறிப்பு ஏதேனும் உண்டா என்றது மென்பொருள்.
தட்டினேன்:
எடை தெரியாது. அனுமதி இல்லை. தாங்கியது.

பதினோராம் கோட்டில் மட்டும்
குளம்பு எது, மின்கம்பி எது என்று
பிரிக்கவே முடியவில்லை.
அதையும் அப்படியே வைத்தேன்.